பாகுமே ஆறு

நாற்பத்தொரு வயதில் செனாயித்துக்கு ஒரு கம்ப்யூட்டர் மேல் பொறாமை வந்தது. வராமல் என்ன செய்யும்? ஆறு வருஷமாக அவள் விரல் நோகத் தட்டித் தட்டிப் பார்த்த வேலையை அது நாலு நிமிஷத்தில் முடித்துவிட்டு, அடுத்து என்ன என்பதுபோல் கண் சிமிட்டிக்கொண்டு நின்றது.

அடிஸ் அபாபாவில், மெகனாஞ்ஞா சந்திப்புக்குப் பின்னால், லிஃப்ட் எப்போதும் பழுதாக இருக்கிற ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது அவர்கள் அலுவலகம். மொத்தம் பதினோரு பேர். மருத்துவமனைகளுக்கு ஒரு மென்பொருள் செய்து கொடுத்திருந்தார்கள். நோயாளி திரும்ப எந்தத் தேதியில் வர வேண்டும் என்று நர்ஸ் அதில் எழுதி வைப்பாள். அந்தத் தேதி விடிந்ததும் நோயாளியின் ஃபோனுக்கு மென்பொருள் ஒரு மெசேஜ் அனுப்பும். கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். அந்த இவ்வளவை நம்பி பதினாலு மருத்துவமனைகளில் ஆட்கள் மாத்திரை தின்றுகொண்டிருந்தார்கள்.

அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது செனாயித்தின் பொறுப்பு. புதுப் பதிப்பு கைக்கு வந்ததும் பச்சை அட்டை போட்ட நோட்டை விரித்துக்கொண்டு உட்காருவாள். இல்லாத நோயாளி ஒருவரை உண்டாக்கி, ஒரு தேதி கொடுத்து, கம்ப்யூட்டரின் கடிகாரத்தை அந்தத் தேதிக்குத் திருப்பி, மேசை மேல் கிடக்கும் ஃபோன் ஒலிக்கிறதா என்று காத்திருப்பாள். ஒலித்தால் நோட்டில் ஒரு டிக். இப்படி இருநூற்றுப் பத்து வரி. மூன்று நாள் பிடிக்கும். ஒரு வரியைக் கூட அவள் தாண்டிப் போனதில்லை. அவள் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டாலே, "சுங்க அதிகாரி வந்தாச்சு, எல்லாரும் பையைத் திறந்து காட்டுங்கப்பா" என்று நிரல் எழுதுகிற கூட்டம் கிண்டல் செய்யும். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

மெகாபித் மாதம் தொடங்கியதும் முதலாளி ஆத்தோ ஸெரிஹுன் அந்தப் பெருமையில் கையை வைத்தார். இன்னும் முப்பது மருத்துவமனைகள் சேரப் போகின்றன, இனி வாரம் ஒரு பதிப்பு வெளியே போகும், மூன்று நாள் சோதனை கட்டுப்படியாகாது, கம்ப்யூட்டரே சோதிக்கட்டும் என்றார். அதை அவளுக்குச் சொல்லித் தர ஹிலினா என்று ஒரு பெண் வந்தாள். இருபத்தாறு வயது, வாய் ஓயாது.

"செனுக்கா, மூஞ்சியை அப்படி வச்சுக்காதீங்க. நான் உங்க வேலையைப் பிடுங்க வரல."

"நீ பிடுங்கல. அது பிடுங்குது." செனாயித் திரையைக் காட்டினாள்.

"அதுக்கு என்ன தெரியும்? நீங்க நோட்டுல எழுதறீங்கல்ல, இதைப் பண்ணினா இது வரணும்னு. அதையே அதுக்குப் புரியற மாதிரி எழுதணும். நீங்க கேக்கச் சொன்னதை மட்டும்தான் அது கேக்கும். கேக்க மறந்ததை அதுவும் கேக்காது."

"அப்போ அதுவும் என்னை மாதிரிதான்."

"உங்களை மாதிரியேதான். ஆனா சலிச்சுக்காது, டீ கேக்காது."

முதல் சோதனை ஐந்து வரிதான். ஒரு நோயாளியை உண்டாக்கு. ஒரு தேதி கொடு. கடிகாரத்தை அந்தத் தேதிக்குத் திருப்பு. மெசேஜ் போனதா பார். கடைசி வரியை ஹிலினா அழுத்திச் சொன்னாள்: "முடிஞ்சதும் அந்த ஆளை அழிச்சிடணும். ஒவ்வொரு சோதனையும் தனக்கு வேண்டிய ஆளைத் தானே உண்டாக்கிட்டு, தானே துடைச்சிட்டுப் போகணும். மிச்சம் வச்சா அடுத்த சோதனை குழம்பிடும். சரி, ஆளுக்கு ஒரு பேர் வைங்க."

செனாயித் யோசிக்காமல் "பிஸ்ராத்" என்று தட்டினாள். கை பழக்கம். தட்டி முடித்த பிறகு அந்தப் பெயரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை மாற்ற மனம் வரவில்லை.

பிஸ்ராத் அவள் தம்பி. கொத்தபே வழியில் மினிபஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். வேலையில் சேர்ந்த புதிதில், சோதனை மெசேஜுக்கு ஒரு எண் வேண்டும் என்று அவன் எண்ணைத்தான் கொடுத்து வைத்திருந்தாள். ஒரு நாளைக்கு எட்டு, பத்து மெசேஜ் அவனுக்குப் போகும். சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு ஃபோன் பண்ணுவான். "அக்கா, இன்னிக்கு மட்டும் எனக்கு நாலு தடவை ரத்தம் எடுக்கணுமாம், ரெண்டு தடவை பிரசவமாம். எதுக்கு முதல்ல போகட்டும்?"

"பிரசவத்துக்குப் போடா. அதுதான் காத்திருக்காது."

பிறகு நிஜமாகவே அவன் நெஞ்சில் கோளாறு வந்தது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்து வால்வைத் தின்றிருக்கிறது என்றார்கள். அறுத்துச் செயற்கை வால்வு வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. மாத்திரை கூடினால் ரத்தம் கசியும், குறைந்தால் கட்டும். அதனால் நாலு வாரத்துக்கு ஒரு முறை ரத்தத்தைச் சோதித்து அளவை மாற்றித் தர வேண்டும். அவன் போன மருத்துவமனையிலும் அவர்கள் மென்பொருள்தான். "பொய்யா இருந்தேன், நெஜ நோயாளியா ஆக்கிட்டியே அக்கா" என்று சிரித்தான். செனாயித் சோதனைக்குத் தன் எண்ணை மாற்றிக்கொண்டாள்.

மருத்துவமனையில் தேதி எழுதின ஒரு மஞ்சள் அட்டையும் தருவார்கள். அவன் அதைக் கண்ட இடத்தில் போட்டுவிட்டுத் தேடிக்கொண்டிருப்பான். வண்டியில் இல்லை, சட்டையில் இல்லை, வீட்டில் லெம்லெமோடு சண்டை. லெம்லெம் அவன் மனைவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை செனாயித்தே அந்தச் சண்டையைத் தீர்த்து வைத்தாள்.

"அட்டையைத் தூக்கிப் போடுங்கடா. அது எதுக்கு? நான் சோதிச்ச மெஷின். அது எழுப்பும், நீ போனா போதும். எழுப்பலைன்னா அன்னிக்கு நாள் இல்லைன்னு அர்த்தம்."

பிஸ்ராத் அக்கா சொன்னால் கேட்கிறவன். கேட்டான்.

எத்தியோப்பிய நாள்காட்டிப்படி இரண்டாயிரத்துப் பதினைந்தாம் வருஷம் முடிந்து புது வருஷம் பிறந்த நாலாம் நாள், மெஸ்கெரெம் நாலாம் தேதி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பக்கவாட்டில் சாய்ந்தான். வண்டி நின்றிருந்தது, பயணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூளைக்குப் போகிற குழாயில் ரத்தக் கட்டி. ஆறு நாள் கிடந்து இறந்தான். டாக்டர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: வருஷக் கடைசியில் ரத்தச் சோதனைக்கு வந்திருக்க வேண்டியவர் ஏன் வரவில்லை?

லெம்லெம், "மெசேஜ் வரல" என்றாள். ஆஸ்பத்திரி நெரிசலில் பிஸ்ராத்தின் ஃபோன் களவு போயிருந்தது. எடுத்துக் காட்ட அவளிடம் ஒன்றுமில்லை.

செனாயித்திடம் காட்ட இருந்தது. அலுவலகத்தில் அந்த வாரத்து அறிக்கையை அச்செடுத்தாள். ஒவ்வொரு நாளுக்கு நேராகவும் ஒரே வரி: அனுப்பத் தவறியவை, இல்லை. அழுகையும் ஆத்திரமுமாக இருந்தவளுக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. தம்பியின் எண்ணைத் தனியாகத் தேடிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. நாற்பதாம் நாள் காரியத்தன்று, தெருவில் சாவுச் செலவுக்குக் கைகொடுக்கும் ஈதிர் சங்கத்தார் போட்ட கூடாரத்தில், இஞ்ஜெராத் தட்டுகளோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் அந்தக் காகிதத்தை நீட்டினாள்.

"மெசேஜ் வந்திருக்கு. மெஷின் பொய் சொல்லாது. வருஷப் பிறப்புக்கு டெல்லா பீர் காய்ச்சற அவசரத்துல நீ புருஷனை மறந்துட்டே."

லெம்லெம் பதிலுக்கு ஏதோ சொன்னாள். கூடாரத்துக்குள் அழுகைச் சத்தத்தில் யாருக்கும் அது கேட்கவில்லை. செனாயித் கேட்க விரும்பவும் இல்லை. அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்தது. ஒன்றரை வருஷம்.

ஹிலினாவிடம் இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. வேலையைக் கற்றுக்கொண்டாள். முதல் வாரம் தினமும் திரை சிவப்பாகவே கிடந்தது. ஒரு அடைப்புக்குறியை விட்டிருப்பாள், இல்லை பெயரை ஒரு இடத்தில் ஒரு மாதிரியும் இன்னொரு இடத்தில் வேறு மாதிரியும் எழுதியிருப்பாள். "மென்பொருளைச் சோதிக்கச் சொன்னா, மென்பொருள் என்னைச் சோதிக்குது" என்று புலம்புவாள். இரண்டாம் வாரம் பச்சை வர ஆரம்பித்தது. முதல் பச்சையைப் பார்த்து அவள் கைதட்டினதை ஹிலினா இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். நோட்டில் இருந்த வரிகள் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்குள் போயின. வாயைக் கட்டின நோன்புக் காலம், பால் இல்லாத கறுப்புக் காப்பியைக் குடித்துக்கொண்டு இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை தேதிகளுக்கு வந்தார்கள். நோட்டில் தேதிக்கு இருபத்தாறு வரி இருந்தது. ஒவ்வொரு மாதத்திலும் முதல் நாள், கடைசி நாள். பன்னிரண்டு மாதம் முப்பது முப்பதாக ஓடின பிறகு வருஷத்தின் வாலில் தொங்குகிற குட்டி மாதமான பாகுமே உட்பட.

செனாயித் பேனாவை வைத்துவிட்டு, "ஏன் இருபத்தாறு?" என்றாள்.

"உங்க நோட்டுலதான் அவ்வளவு இருக்கு."

"கையால பண்ணினேன், அதனால அவ்வளவு. இதுக்குச் சலிப்பில்லைன்னு சொன்னியே. எல்லா நாளையும் கேக்கச் சொன்னா? ஒரு வருஷம் இல்ல, நாலு வருஷம். ஒரு நாள் விடாம."

ஹிலினா நாற்காலியோடு திரும்பினாள். "செனுக்கா! இதைத்தான் நான் கடைசி வாரம் சொல்லித் தரலாம்னு வச்சிருந்தேன். நீங்களே பிடிச்சிட்டீங்களே!"

பன்னிரண்டு வரியில் எழுதி முடித்தாள். எல்லாமே அவள் எழுதினது, ஹிலினா விரலை வைக்கவில்லை. நாட்கள் ஒவ்வொன்றையும் சுவரில் மாட்டுகிற சர்ச் நாள்காட்டியை வைத்துச் சரிபார்த்துக் கொடுத்தாள். ஆயிரத்து நானூற்று அறுபத்தொரு நாள். ஒவ்வொரு நாளைக்கும் ஒரு பிஸ்ராத் பிறந்து, மெசேஜ் பெற்று, அழிந்து போவான். ஓட விட்டார்கள். திரையில் பச்சைப் புள்ளிகள் வரிசையாக விழுந்தன. பக்கத்து மேசைக்காரர்கள் கூட எழுந்து வந்து பார்த்தார்கள். பாதியைத் தாண்டி ஒரு இடத்தில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. பிறகு கடைசி வரைக்கும் பச்சை.

"பிழை! நெஜப் பிழை!" ஹிலினா குதித்தாள். "முதல் பிழையைப் பிடிச்சவங்க எல்லாருக்கும் காப்பி வாங்கித் தரணும். பிழை பிடிக்காத சோதனையை வச்சுக்கிட்டு என்ன பண்றது? கைதட்டுங்கப்பா!"

எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். "சுங்கத்துல சரக்கு மாட்டிக்கிச்சு!" செனாயித்தும் சிரித்துக்கொண்டேதான் குனிந்து, சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்தில் இருந்ததைப் படித்தாள்.

பாகுமே 6, 2015. எதிர்பார்த்தது: ஒரு மெசேஜ். வந்தது: இல்லை.

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. சுற்றிலும் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

பாகுமே மாதத்துக்கு எத்தனை நாள் என்று அடிஸில் யாரைக் கேட்டாலும் ஐந்து என்பார்கள். நாலு வருஷத்துக்கு ஒரு முறை ஆறாகும், அது குழந்தைக்குக் கூடத் தெரியும். தெரிந்தாலும் கேட்டதும் வாயில் வருவது ஐந்துதான். ஆறாவது நாள் வருகிற வருஷத்தில் மட்டும், "அடடே, இந்த வருஷம் ஆறுல்ல" என்று சொல்லிக்கொண்டு வருஷப் பிறப்புக் கோழியை ஒரு நாள் தள்ளி அடிப்பார்கள்.

அவளுக்கு இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. இந்த மென்பொருளின் நாள்காட்டியை எழுதினவன் யோனாஸ். பிறந்தது வளர்ந்தது எல்லாம் வெளிநாட்டில், இரண்டு வருஷம் இங்கே வேலை பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். ஒரு மதியம் ஷீரோவில் இஞ்ஜெராவைத் தோய்த்துக்கொண்டே அவன் கேட்டான்: "செனாயித், பாகுமேல எத்தனை நாள்?" அவள் சொன்னாள்: "அஞ்சு. இது கூடத் தெரியாம எப்படிடா உனக்குக் கடவுச்சீட்டு குடுத்தாங்க?" எல்லோரும் சிரித்தார்கள். அவன் ஐந்து என்று எழுதினான்.

பையிலிருந்து பச்சை நோட்டை எடுத்துப் பழைய பக்கங்களைத் திருப்பினாள். தன் கையெழுத்தில் இருந்தது: பாகுமே, 5 நாள், சரி. பக்கத்தில் அழுத்தமாக ஒரு டிக்.

வேலை முடிந்து எல்லோரும் கிளம்பும்வரை காத்திருக்கக்கூட அவளால் முடியவில்லை. அப்போதே பழைய பதிவுகளைத் திறந்தாள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய தேடல். பாகுமே ஆறாம் தேதிக்கு நர்ஸுகள் பத்தொன்பது பேரை எழுதியிருந்தார்கள். பத்தொன்பது பேருக்கும் மெசேஜ் போகவில்லை. மென்பொருளைப் பொறுத்தவரை அப்படி ஒரு நாளே கிடையாது, அதனால் அனுப்ப வேண்டியதும் இல்லை, தவறினதும் இல்லை. அவள் கூடாரத்தில் நீட்டின காகிதம் பொய் சொல்லவில்லைதான். அவர்களில் பதினெட்டுப் பேர் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். அவர்களிடம் மஞ்சள் அட்டை இருந்தது.

போகாதவன் பெயர் பிஸ்ராத்.

ஹிலினா காப்பிக் கோப்பையோடு வந்தாள். "செனுக்கா, நாள்காட்டியைப் பார்த்தேன். அடுத்த பாகுமே ஆறு ரெண்டாயிரத்துப் பத்தொன்பதுலதான் வருது. ரெண்டு வருஷம் இருக்கு. மாசக் கடைசிக்குள்ள எல்லாம் பச்சையா இருக்கணும்னு ஆத்தோ ஸெரிஹுன் உயிரை வாங்கறாரு. இந்த ஒரு நாளைத் தாண்டிப் போன்னு சோதனைக்குச் சொல்லிடலாம். ஒரு வார்த்தைதான். பிறகு நிதானமா..." அவள் நிறுத்திவிட்டாள். "என்னாச்சுக்கா? ஏன் அழறீங்க?"

"தாண்டச் சொல்லாதே."

"சரி, சொல்லல. என்னாச்சு?"

"என் தம்பி அன்னிக்கு இதுல இருந்தான்."

ஹிலினாவுக்கு முதலில் புரியவில்லை. திரையில் இருந்த பெயரைப் பார்த்ததும் புரிந்தது. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிழை அறிக்கையைச் செனாயித் தானே எழுதினாள். தவறான தகவல் கொடுத்தது யார் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டாள். அப்படி ஒரு இடம் படிவத்திலேயே கிடையாது, அவளாகச் சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை கொத்தபேக்கு மினிபஸ் ஏறினாள். அந்த வழியில் அவள் வண்டி ஏறியே ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

லெம்லெம் வாசலுக்குப் பக்கத்தில் அடுப்பறையில் இஞ்ஜெரா வார்த்துக்கொண்டிருந்தாள். முன்பு கடைகளுக்குப் போடுவாள், அடுக்கு அடுக்காக இருக்கும். இன்றைக்குக் கூடையில் கொஞ்சம்தான் இருந்தது. நாத்தனாரைப் பார்த்ததும் அவள் கை நின்றது. அடுப்புத் தட்டில் மாவு காய்ந்து ஓரம் தூக்கியது.

"மெக்லித் இல்ல. பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கா" என்றாள். தன் மகளைப் பார்க்கத்தான் வந்திருப்பாள் என்று நினைத்தாள்.

"உன்னைத்தான் பார்க்க வந்தேன்."

"இன்னும் என்ன இருக்கு?"

செனாயித் உட்காரவில்லை. நின்றபடியே நோட்டைத் திறந்து காட்டினாள். பத்தொன்பது பேர் பட்டியலைக் காட்டினாள். தப்பும் தவறுமாக, நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். யோனாஸ் கேட்டதை, தான் சொன்னதை, டிக் போட்டதை. "மெசேஜ் போகவே இல்ல, லெம்லெம். நீ சொன்னதுதான் நெஜம். தப்பு என்னோடது."

லெம்லெம் காய்ந்துபோன இஞ்ஜெராவைச் சுரண்டி எடுத்து ஓரமாகப் போட்டாள். நெருப்பைத் தணித்தாள். அவள் திட்டியிருந்தால் செனாயித்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அன்னிக்குக் காலைல நான் நாள்காட்டியைப் பார்த்துட்டு அவர்கிட்ட சொன்னேன்" என்றாள் லெம்லெம். "'இன்னிக்கு ஆறு. இன்னிக்குத்தானே நீங்க போகணும்?'னு கேட்டேன். செருப்பு கூட மாட்டிட்டாரு. அப்புறம் ஃபோனை எடுத்துப் பார்த்துட்டு, 'இல்லடி, செனு மெஷின் கூப்பிடல. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்'னு சொல்லிட்டுச் செருப்பைக் கழட்டிட்டாரு."

செனாயித் விரித்திருந்த நோட்டை மூடினாள்.

"இதைத்தான் அன்னிக்குக் கூடாரத்துல சொன்னேன். நீங்க காதுல வாங்கல."

"வாங்கல."

"என்ன ஆச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? புருஷனைக் கொன்னுட்டு டெல்லா காய்ச்சினவளாம்னு தெருவே பேசிச்சு. என் கையால சாப்பிட மாட்டேன்னு ரெண்டு கடைக்காரங்க இஞ்ஜெரா வாங்கறதை நிறுத்தினாங்க. மெக்லித்கிட்ட ஸ்கூல்ல ஒரு பொண்ணு கேட்டிருக்கா, 'உங்கம்மா உங்கப்பாவை மறந்துட்டாங்களாமே'ன்னு. அவ வந்து என்கிட்ட கேட்டா. என்னன்னு சொல்றது, அக்கா? உங்க காகிதத்துல இருந்ததே."

"நான் என்ன செய்யட்டும்? சொல்லு, செய்யறேன்."

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்கு முன்னாடியே தெரியும்." லெம்லெம் சால்வை முனையில் கையைத் துடைத்தாள். "யார் முன்னாடி சொன்னீங்களோ, அவங்க முன்னாடி சொல்லுங்க. நாளைக்கு ஈதிர் கூட்டம் இருக்கு. பூசை முடிஞ்சு எல்லாரும் வருவாங்க."

செனாயித் தலையாட்டினாள். காப்பி குடிக்கிறீர்களா என்று லெம்லெம் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தவரை இந்த ஊரில் அப்படி அனுப்ப மாட்டார்கள். செனாயித்தும் எதிர்பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் நடக்கிற தகரக் கொட்டகையில், அதே பெஞ்சுகளில் அதே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு அழுதுகொண்டே பேசினவளுக்குக் குரல் கணீரென்று வந்தது. இன்றைக்கு வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி தொடங்கினாள். கம்ப்யூட்டர் விஷயமெல்லாம் அவர்களுக்கு எதற்கு? மூன்றே வாக்கியம் சொன்னாள். மெசேஜ் வரவில்லை. பாகுமே ஆறாம் நாளை நான்தான் மறந்தேன். லெம்லெம் எதையும் மறக்கவில்லை.

முன் பெஞ்சில் இருந்த ஒரு கிழவர் கையைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டார். "அப்போ அந்தப் பொண்ணு அன்னிக்குப் பொய் சொல்லலையா?"

"இல்ல, ஐயா. பொய் சொன்னது நான்."

"தெரிஞ்சே சொன்னியா?"

"தெரியாம சொன்னேன். தெரிஞ்சுக்கப் பார்க்கல."

கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். பின் வரிசையில் ஒரு பெண் எழுந்து போய் லெம்லெமின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு இன்னொருத்தி. செனாயித்தின் பக்கத்தில் யாரும் வரவில்லை. கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போனது.

பிழையைத் திருத்த இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஓர் எண்ணை மாற்றி, நாலு வருஷக் கணக்கை ஒரு வரியில் சேர்த்தார்கள். ஒரு வரிதான், அதை நினைத்தால்தான் செனாயித்துக்கு ஆத்திரம் பொங்கும். ஆத்தோ ஸெரிஹுன் அறிக்கையில் இருந்த அவள் பெயரைப் படித்தார். மதியம் தன் அறையிலிருந்து வந்து, அவள் மேசைப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலை அவள் ஃபோன் ஒலித்தது. லெம்லெம்.

"அக்கா, சரி பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டோம். இப்போதான் மறுபடி ஓட்டிப் பார்க்கப் போறேன்."

"ஓட்டினா அந்த மெசேஜ் வருமா? அன்னிக்கு வந்திருக்க வேண்டியது?"

"வரும். என் ஃபோனுக்கு வரும்."

"என் ஃபோனுக்கு அனுப்புங்க."

"எதுக்கு, லெம்லெம்? வேண்டாம்மா."

"அனுப்புங்க. நான் ஒரு தடவை பார்க்கணும்."

செனாயித் தன் எண்ணை எடுத்துவிட்டு லெம்லெமின் எண்ணை எழுதினாள். நாலு வருஷமும் வேண்டாம், இரண்டு நாள் போதும் என்று சோதனைக்குச் சொன்னாள். பாகுமே ஆறு, அதற்கு அடுத்த நாள். அதிலும் முதல் நாளுக்கு மட்டும்தான் லெம்லெமின் எண். ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டே விசையைத் தட்டினாள். அடுத்த நிமிஷமே அந்தப் பக்கம் ஃபோன் ஒலிக்கிற சின்னச் சத்தம் அவள் காதிலும் கேட்டது. லெம்லெம் எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் மெதுவாகப் படித்தாள்.

"பிஸ்ராத், இன்று பாகுமே 6. உங்கள் ரத்தப் பரிசோதனை நாள். தவறாமல் வாருங்கள்."

அந்தப் பக்கம் அடுப்பு நெருப்பு பொரிகிற சத்தம் மட்டும் வந்தது.

"போயிருப்பாரு, அக்கா" என்றாள் லெம்லெம். "செருப்பு மாட்டிட்டாரு. போயிருப்பாரு."

"ஆமா."

இருவரும் ஃபோனை வைக்காமல் அழுதார்கள். திரையில் சோதனை பிஸ்ராத்தை அழித்துவிட்டு, மெஸ்கெரெம் ஒன்றாம் தேதிக்குப் போயிருந்தது. இரண்டு புள்ளியும் பச்சை.